அரை ராத்தல் ஆணி

அவன் பெயரை நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள்.
ஆசகேல். அசஹேல். ஓரிடத்தில் அசல்.
டிராஸ்க் என்ற குடும்பப் பெயர் டிராஸ் ஆகி
எந்த மழைநாளின் குமாஸ்தாவிடமோ
வெறும் டி ஆகி நின்றுவிட்டது.
அவன் திருத்தவில்லை.
எழுத்துத் தெரிந்தால்தானே.

'அப்பாவின்' என்று ஏழு தடவை சொல்லி
மூச்சு வாங்கினால் அவன் வருவான்.
மாசசூசெட்ஸின் மேற்கு மலைகளில்
நகராட்சிக்குப் பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்.
பனி விழாத மாதங்களில் எனக்கு
அவன்தான் வேலை.

சித்தப்பா வெர்னன் அவசரப்பட்டார்.
வெண்கலப் பலகைக்கு முன்பணம் கட்டிவிட்டார்:
'விடுதலைப் போரின் வீரர்.'
எழுத்துக்கு இவ்வளவு என்று விலை.
அந்த வாரம்தான் பட்டாளத்து வருகைப் பதிவு
என் கைக்குக் கிடைத்தது.
1777, ஜூலை. பெயருக்கு நேரே
ஓடிப்போனான்.
அக்டோபரில், அதே கையெழுத்தில்,
திரும்பி வந்தான்.
நடுவில் பதினோரு வாரம்.
சவுக்கடி கொடுத்தார்களா என்று எழுதவில்லை,
சம்பளம் பிடித்ததை எழுதியிருக்கிறார்கள்.

'வேறு எவனோ டிராஸ்க்' என்றார் சித்தப்பா.
'நம் ஆள் ஓடுகாலி இல்லை.'
போனை வைத்துவிட்டார்.

அடுத்து அவன் அகப்படுவது 1820இல்,
அறுபத்தேழு வயதில், நீதிமன்றத்தில்.
ஏழை என்று சத்தியம் செய்தால் பென்ஷன்.
இருப்பதையெல்லாம் சொல் என்கிறார்கள்,
சொல்கிறான்:
பசு ஒன்று, கிழடு.
இரும்புப் பானை ஒன்று, விரிசலோடு.
நாற்காலி மூன்று, ஒன்றுக்கு முதுகில்லை.
பீப்பாய் செய்யும் தொழில், குடலிறக்கம், முடியவில்லை.
தாங்க்ஃபுல் என்று ஒரு மனைவி, சொத்தில் சேராது.
கடன் ஒன்பது டாலர்.

போரைப் பற்றிக் கேட்டதற்கு
ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறான்.
பலகையெல்லாம் பச்சை மரம், தாங்காது என்று
தான் அப்போதே சொன்னதாகவும்
ஒருவரும் கேட்கவில்லை என்றும்.
போரில் அவ்வளவுதான்.
கீழே கைநாட்டு, ஒரு பெருக்கல் குறி.
அழுத்திய அழுத்தில்
இறகுப் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

நூலகத்தின் நிலவறையில், போன மார்ச் மாதம்,
லொரெய்ன் குட்ரோ ஒரு மளிகைக் கடையின்
பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்தாள்.
எலி கடித்தது போக மிச்சம் இருந்தது.
1777, ஆகஸ்ட் 9. டிராஸ்க் பற்றில்
அரை ராத்தல் ஆணி.
பைன் பலகை இரண்டு, குட்டை.

பன்றிக் கொட்டகைக்கு இருக்கலாம்.
கதவுக்கு இருக்கலாம்.
அறுவடைக்கு வந்தவன்
போகிற போக்கில் கூரையைச் சரி செய்திருக்கலாம்.
வண்டி ஓட்டும்போது இப்படி நிறைய
'இருக்கலாம்' சொல்லிக்கொண்டு வருவேன்.
ஆனால் பிறப்புப் பதிவேட்டில்
ஆசகேலுக்கும் தாங்க்ஃபுல்லுக்கும்
1775இல் லேவி என்று ஒரு மகன்.
1779இல் லேவி என்று ஒரு மகன்.
முதல் லேவி என்ன ஆனான் என்று
எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை,
இரண்டாமவனுக்கு
அந்தப் பெயர் காலியாக இருந்தது என்பதைத் தவிர.

நான் இரண்டாவது லேவியின் வழி.

பலகை சித்தப்பாவின் கராஜில் இருக்கிறது,
பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால்,
சுவரைப் பார்த்தபடி.
அதில் எதைச் சேர்ப்பது எதை அழிப்பது என்று
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
ஓடி வந்தது எனக்குப் புரிகிறது.
முற்றத்தில் மண் இறுகும் முன்பே
அவளை அந்த வீட்டில் விட்டுவிட்டு
அக்டோபரில், குளிர் தொடங்கும்போது,
பிடிபடாதவன், யாரும் தேடி வராதவன்,
தானாகவே நடந்து போய்
அந்தக் குமாஸ்தாவின் முன்னால் நின்று
பெயரைச் சொன்னானே,
தப்பாக எழுதிக்கொள்ளும்படி,

அதுதான் புரியவில்லை.